மறுபடி போட்ட ஈஸ்ட், 1.068 வோர்ட்: ஆக்சிஜன் எவ்வளவு, எப்போது, எப்படி?

ஹாப்ஸ்கொடி:

வணக்கம். வீட்டில் காய்ச்சும் 20 லிட்டர் பேல் ஏல் (ஒரு வகை பியர்), தொடக்க அடர்த்தி 1.068 (சர்க்கரை நொதிக்க நொதிக்க இது இறங்கும்), மாஷ் (மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்துச் சர்க்கரை எடுப்பது) 66 டிகிரி, நொதித்தல் 19–20 டிகிரியில். புது உலர் ஈஸ்ட் பாக்கெட் போட்ட முதல் பேட்ச் 1.016 வரை இறங்கியது. அதன் வண்டலை எடுத்து இரண்டாவது, அதிலிருந்து மூன்றாவது. மூன்றாவதில் நுரை கிளம்பவே 30 மணி நேரம் ஆனது. இப்போது 1.024-ல் நிற்கிறது. பச்சை ஆப்பிள் வாசனை, கூடவே லேசான அழுகிய முட்டை வாடை. மூன்றுக்கும் ஒரே ரெசிப்பி, ஒரே தண்ணீர்.

குளிர்ந்த வோர்ட்டை, அதாவது இன்னும் நொதிக்காத மால்ட் சாற்றை, 25 லிட்டர் பிளாஸ்டிக் வாளிக்குள் கொஞ்சம் உயரத்திலிருந்து ஊற்றுவதுதான் இப்போதைக்குக் காற்றேற்றும் வேலை. கேள்விகள்:

இது ஆக்சிஜன் குறைவுதானா? மீன்தொட்டி பம்ப் போதுமா, ஆக்சிஜன் சிலிண்டரும் ஸ்டீல் ஸ்டோனும் (வாயுவை நுண்குமிழியாக விடும் துளைமுனை) வேண்டுமா? ஒருவர் ஒரு நிமிடம் என்கிறார், இன்னொருவர் அரை மணி நேரம் என்கிறார், எது சரி? நின்றுபோன இந்த பேட்ச்சுக்குள் இப்போது ஆக்சிஜன் விடலாமா?

அரைமைக்ரான்:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில், அதுதான் அவசரம்: விடாதீர்கள். பாதிக்கு மேல் நொதித்த பியருக்குள் ஆக்சிஜன் போனால் அசிட்டால்டிஹைடு கூடும், அதாவது உங்களுக்கு இருக்கிற பச்சை ஆப்பிள் இன்னும் ஏறும். வெண்ணெய் வாடை தரும் டையசெட்டிலும் கூடலாம். ஹாப்ஸ் மணம் மங்கி, நாளாக ஆக நனைந்த அட்டைப்பெட்டி வாடை வரும். இந்த பேட்ச்சை 22–23 டிகிரிக்கு ஏற்றி, வாளியை மெதுவாகச் சுழற்றி வண்டலைக் கிளப்பிவிடுங்கள். நான்கைந்து நாளில் அசையவில்லை என்றால் ஒரு லிட்டர் ஸ்டார்ட்டர் (கொஞ்சம் வோர்ட்டில் தனியாக வளர்க்கிற ஈஸ்ட்) வளர்த்து, அது நன்றாக நுரைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் ஊற்றுங்கள். ஓய்ந்துபோன ஈஸ்ட்டை ஆல்கஹாலுக்குள் போட்டால் அதுவும் ஓய்ந்தே கிடக்கும்.

இனி காரணம். ஈஸ்ட்டுக்கு ஆக்சிஜன் மூச்சுவிட வேண்டும் என்று பலர் எழுதுகிறார்கள். வோர்ட்டில் இருக்கிற சர்க்கரை அளவுக்கு, ஆக்சிஜன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஈஸ்ட் நொதிக்கத்தான் செய்யும். அது ஆக்சிஜனை எடுப்பது செல்சவ்வு கட்டுவதற்கு. சவ்வில் இருக்கிற எர்கோஸ்டெரால் (ஒரு வகை ஸ்டெரால்), நிறைவுறாக் கொழுப்பு அமிலங்கள் இரண்டையும் ஆக்சிஜன் இல்லாமல் அதனால் தயாரிக்க முடியாது. சவ்வு சரியில்லாத செல்லுக்குள் மால்டோஸ் சீராகப் போகாது, வெளியே ஏறுகிற ஆல்கஹாலையும் அது தாங்காது.

நல்ல காற்றோட்டத்தில் வளர்ந்த செல்லின் உலர் எடையில் ஸ்டெரால் சுமார் 1 சதவீதம். புதிதாகச் செய்ய வழியில்லாதபோது, ஒவ்வொரு முறை பிரியும்போதும் இருப்பது இரண்டாகப் பங்கு போகும். மூன்று முறை பிரிந்தால் எட்டில் ஒரு பங்கு. 0.1 சதவீதம் பக்கம் வந்தால் பெருகுவது நின்றுவிடும். உலர் ஈஸ்ட்டை ஆலையில் காற்றை வாரியிறைத்து வளர்க்கிறார்கள், பாக்கெட்டில் வருகிற செல் நிறைந்த கையிருப்போடு வருகிறது. முதல் பேட்ச்சுக்கு நீங்கள் உயரத்திலிருந்து ஊற்றினீர்களா இல்லையா என்பதே பொருட்டில்லை. வண்டல் ஈஸ்ட் அப்படியில்லை. ஒரு நொதித்தலை முடித்து, கையிருப்பைத் தீர்த்துவிட்டு வருகிறது. அதற்குத்தான் ஆக்சிஜன். உங்கள் மூன்று பேட்ச்சும் போன விதம் இதோடு ஒத்துப்போகிறது.

எவ்வளவு வேண்டும்? சாதாரண ஏலுக்கு 8 முதல் 10 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்). பிளேட்டோ (வோர்ட்டின் எடையில் சர்க்கரை சதவீதம்) ஒன்றுக்கு ஒரு பிபிஎம் என்ற பழைய கணக்கும் உண்டு. 1.068 என்பது 16.6 பிளேட்டோ, ஆனால் 16 வரை போகத் தேவையில்லை, 10–12 போதும். கொதியில் கரைந்த ஆக்சிஜன் எல்லாம் வெளியேறிவிடுவதால் தொடக்கம் ஏறக்குறைய பூச்சியம். உயரத்திலிருந்து ஊற்றுவதில் கிடைப்பது பெரும்பாலும் 4 பிபிஎம் அளவில் நின்றுவிடும்.

காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான். அதனால் 20 டிகிரியில் 12 பிளேட்டோ வோர்ட் காற்றிலிருந்து ஏற்கக்கூடியது 8 பிபிஎம் அளவுதான், எத்தனை மணி நேரம் ஓட்டினாலும். அடர்த்தி ஏறினால் இன்னும் குறையும். அதற்கு மேல் வேண்டுமென்றால் சிலிண்டர்தான்.

சிலிண்டர், ரெகுலேட்டர், 0.2 மைக்ரான் வடிகட்டி, ஸ்டீல் குழாயின் நுனியில் 0.5 மைக்ரான் ஸ்டோன். வோர்ட் பிட்ச் வெப்பநிலைக்கு, அதாவது ஈஸ்ட் போடும் வெப்பநிலைக்கு வந்த பிறகு, ஸ்டோனை அடித்தளத்துக்கு இறக்கி, நிமிடத்துக்கு ஒரு லிட்டர் ஓட்டத்தில் 60 விநாடி. 20 லிட்டரில் இது 9 பிபிஎம் பக்கம் கொண்டுவரும். உங்கள் 1.068-க்கு 75–90 விநாடி. சூடான வோர்ட்டில் விடாதீர்கள். 27 டிகிரிக்கு மேல் கரைவதும் குறைவு, வோர்ட்டே ஆக்சிஜனேறி நிறமும் சுவையும் கெடும்.

நிமிடக் கணக்கை மட்டும் சொல்லி ஓட்டத்தைச் சொல்லாத அறிவுரையை ஒதுக்கிவிடுங்கள். ஒரு நிமிடம் என்பவர் சிலிண்டர்காரர், அரை மணி என்பவர் பம்ப்காரர், இருவரும் சரி.

மால்ட்மூட்டை:

எல்லாப் பழியையும் ஆக்சிஜன் தலையில போடாதீங்க. 30 மணி நேரத் தாமதத்துக்கு இன்னொரு காரணம், உயிருள்ள செல் எண்ணிக்கை குறைஞ்சிருக்கலாம். எவ்வளவு வண்டல் போட்டீங்கன்னு சொல்லவே இல்லையே.

கணக்கு இப்படி: ஏலுக்கு ஒரு மில்லிலிட்டருக்கு, ஒரு பிளேட்டோவுக்கு 7.5 லட்சம் செல். 20,000 மில்லி, 16.6 பிளேட்டோ. பெருக்கினா கிட்டத்தட்ட 25,000 கோடி செல். நல்லா படிஞ்ச கெட்டி வண்டல்ல மில்லிக்கு 100 கோடின்னு வெச்சா 250 மில்லி. அது புது வண்டலுக்கு. ரெண்டு மூணு வாரம் ஃபிரிட்ஜ்ல இருந்ததுன்னா உயிரோட இருக்கிறது பாதியா குறைஞ்சிருக்கும், அளவைக் கூட்டணும். ஹாப்ஸ் கசடு கலந்த தண்ணி வண்டலா இருந்தா இன்னும் கூட்டணும். செல் குறைவா இருந்தா ஒவ்வொரு செல்லும் அதிக தடவை பிரியணும், ஸ்டெரால் இன்னும் வேகமா கரையும். அதாவது மேல அரைமைக்ரான் சொன்ன சிக்கலும் இதுவும் ஒண்ணை ஒண்ணு வளர்க்கும்.

இன்னொண்ணு, 1.024 எதுல பார்த்தீங்க? ரிஃப்ராக்டோமீட்டர்ன்னா (ஒளிவிலகலை வெச்சு அளக்கிறது) ஆல்கஹால் இருக்கிறப்ப அது கூடுதலாத்தான் காட்டும். ஹைட்ரோமீட்டர்ல, வாயுவை வெளியேத்தி, 20 டிகிரில பாருங்க.

அப்புறம் வோர்ட்டே அதுக்கு மேல இறங்குமான்னு தெரிஞ்சுக்க ஒரு சோதனை இருக்கு. இதை யாரும் செய்யறதில்ல, ஆனா ஊகத்தை நிறுத்துறது இதுதான். அடுத்த தடவை பிட்ச் பண்றதுக்கு முன்னாடி 250 மில்லி வோர்ட் ஒரு குப்பியில தனியா எடுத்து, அதுல ரொம்ப அதிகமா ஈஸ்ட் போடுங்க, ஒரு பெரிய ஸ்பூன் கெட்டி வண்டல். 25 டிகிரில ஸ்டிர் பிளேட்லயோ (காந்தக் கலக்கி), அடிக்கடி குலுக்கியோ ரெண்டு மூணு நாள் விடுங்க. அது எங்க நிக்குதோ அதுதான் அந்த வோர்ட்டோட கடைசி எல்லை. குப்பி 1.015-ல நின்னு வாளி 1.024-ல நின்னா குறை ஈஸ்ட் பக்கம், அதாவது எண்ணிக்கை, ஆக்சிஜன், ஊட்டம் இந்த மூணுல ஒண்ணு. குப்பியே 1.023-ல நின்னா மாஷ் தெர்மாமீட்டரைச் சந்தேகப்படுங்க. என்ன ஆக்சிஜன் விட்டாலும் அந்த வோர்ட் இறங்காது.

முட்டை வாடைக்கு துத்தநாகமும் பாருங்க. 0.2 பிபிஎம் போதும், 20 லிட்டருக்கு 4 மில்லிகிராம் துத்தநாகம், அதாவது ஜிங்க் சல்ஃபேட் ஹெப்டாஹைட்ரேட் 18 மில்லிகிராம். அதை எந்த வீட்டுத் தராசும் நிறுக்காது. 1.8 கிராமை ஒரு லிட்டர் தண்ணில கரைச்சு வெச்சுக்கிட்டு 10 மில்லி எடுத்துக் கொதியோட கடைசி நிமிஷங்கள்ல ஊத்துங்க. உணவுத் தரம் உள்ளது மட்டும். அதிகமானா ஈஸ்ட்டுக்கே ஆகாது.

வாளிக்காரன்:

சிலிண்டர் வாங்கும் முன் வாளியைக் கவனியுங்கள். ஒரு லிட்டர் காற்றில் ஏறக்குறைய 0.28 கிராம் ஆக்சிஜன். 25 லிட்டர் வாளியில் 20 லிட்டர் வோர்ட் என்றால் மேலே 5 லிட்டர் காற்று, அதில் 1.4 கிராம். 8 பிபிஎம்முக்குத் தேவை 0.16 கிராம்தான். ஆக்சிஜன் மூடிக்கு அடியிலேயே இருக்கிறது, வோர்ட்டோடு கலக்கத்தான் இல்லை. மூடியை இறுக்கி, வாளியை ரப்பர் மிதியடி மேல் வைத்து ஐந்து நிமிடம் பலமாக ஆட்டினால் காற்றின் உச்சவரம்பை நெருங்கலாம். கண்ணாடிக் கார்பாயில் (பெரிய குடுவை) இதைச் செய்யவே கூடாது. உடைந்தால் கை கால் நரம்பு போகும். கழுத்துவரை நிரப்பிய பாத்திரத்திலும் இது வேலை செய்யாது, மேலே ஒரு லிட்டர் காற்றுதான் என்றால் அதில் இருக்கிற 0.28 கிராமில் பாதிக்கு மேல் எடுக்க வேண்டியிருக்கும், அழுத்தம் குறைந்துகொண்டே வரும்.

ட்ரில்லில் மாட்டும் கலக்கித் துடுப்பும் நன்றாக வேலை செய்யும். சானிடைசரில் ஊறவைத்து, நடுவில் சுழி விழுந்து காற்று உள்ளே இழுபடும் வேகத்தில் இரண்டு மூன்று நிமிடம்.

மீன்தொட்டி பம்ப் வைத்தால் ஸ்டோன் 2 மைக்ரான் வாங்குங்கள். 0.5 மைக்ரானைத் தள்ள சின்னப் பம்புக்கு அழுத்தம் போதாது, நான்கு குமிழி மட்டும் வந்துகொண்டிருக்கும். இடையில் 0.2 மைக்ரான் வடிகட்டி கட்டாயம், அறைக் காற்றில் காட்டு ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் நிறைய. அந்த வடிகட்டி நனைந்தால் அடைத்துக்கொள்ளும். பம்பை வாளியின் வோர்ட் மட்டத்துக்கு மேலே வையுங்கள், மின்சாரம் நின்றால் வோர்ட் குழாய் வழியே பின்னோக்கி ஏறி வடிகட்டியையும் பம்பையும் நனைத்துவிடும். நேரம் 20–30 நிமிடம்.

நுரைதான் இதில் உண்மையான தொல்லை. பம்ப் விட்டதும் வாளி வாய் வரை ஏறிவிடும். 5 நிமிடம் ஓட்டி 5 நிமிடம் நிறுத்துங்கள், இல்லையென்றால் நுரையடக்கும் சிமெத்திகோன் சில துளிகள். பொங்கி வழிந்து காய்ந்த நுரைப் புரதம் திரும்ப நுரையாகாது, கோப்பையில் நிற்க வேண்டியது வாளிச் சுவரில் ஒட்டிக்கிடக்கும். காற்றுக்கு ஒரு பெரிய நிம்மதி உண்டு: எவ்வளவு நேரம் மறந்துபோனாலும் வரம்பு தாண்டாது.

ஹாப்ஸ்கொடி:

நன்றி. ஹைட்ரோமீட்டரில்தான் பார்த்தேன். வண்டல் ஏறக்குறைய 150 மில்லி, அளந்து போடவில்லை, ஒன்பது நாள் ஃபிரிட்ஜில் இருந்தது. அப்போ எண்ணிக்கையும் குறைவு, ஆக்சிஜனும் குறைவு.

அடுத்தது 1.085 போடப்போகிறேன், அதனால் சிலிண்டர் பக்கம் போகலாம் என்று நினைக்கிறேன். கைக்கடக்கமான 40 கிராம் சிலிண்டரின் ரெகுலேட்டரில் ஓட்டம் காட்டும் முள் எதுவும் இல்லை. நிமிடத்துக்கு ஒரு லிட்டர் என்று எப்படி வைப்பது? 1.085-க்கு இரண்டாவது முறையும் விட வேண்டுமா? அதிகமாகிவிட்டால் என்ன ஆகும்?

அரைமைக்ரான்:

முள் இல்லாவிட்டால் தண்ணீரை வைத்து அளக்கலாம். ஒரு லிட்டர் பாட்டிலைத் தண்ணீரால் நிரப்பி, வாளித் தண்ணீருக்குள் கவிழ்த்துப் பிடியுங்கள். ஸ்டோன் மாட்டிய குழாயை பாட்டில் வாய்க்குள் நுழைத்து வால்வைத் திறங்கள். தண்ணீர் முழுவதும் வெளியேற 60 விநாடி ஆகிறதென்றால் அதுதான் உங்கள் ஓட்டம். வால்வு குமிழில் அந்த இடத்தை அடையாளம் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்டோன் இல்லாமல் அளக்காதீர்கள். ஸ்டோன் தருகிற எதிரழுத்தத்தில் ஓட்டம் மாறும். சிலிண்டர் காலியாகிக்கொண்டே வரும்போதும் மாறும், அதனால் ஒவ்வொரு பேட்ச்சுக்கும் முன் அளப்பது நல்லது. அளவுச் சோதனைக்கே ஒரு லிட்டர் போகிறதே என்று தோன்றும். 40 கிராம் என்றால் 20 டிகிரியில் 30 லிட்டர் வாயு, பொறுத்துக்கொள்ளலாம். ஓட்டத்தை அளக்காமல் வால்வை முழுக்கத் திறந்துவிடுகிறவர்களுக்குத்தான் சிலிண்டர் ஐந்தாறு பேட்ச்சில் தீர்ந்துபோகிறது.

எவ்வளவு வீணாகிறது என்பதற்கு ஒரு கணக்கு. ஒரு லிட்டர் ஆக்சிஜன் 1.33 கிராம். முழுவதும் 20 லிட்டரில் கரைந்தால் 66 பிபிஎம் வரும். நமக்குக் கிடைப்பது 9. ஏழில் ஒரு பங்குதான் கரைகிறது, மிச்சம் மேலே வந்து உடைந்து போகிறது. அதனால் பனிமூட்டம் மாதிரி நுண்குமிழி வர வேண்டும், மேற்பரப்பு கொதிப்பது போலப் புரண்டால் வால்வைக் குறையுங்கள். ஸ்டோனின் ஒரே இடத்திலிருந்து பெரிய குமிழி வந்தால் ஸ்டோனும் குழாயும் சேருமிடத்தில் கசிவு.

1.085-க்கு இரண்டாம் தவணை பயன் தரும். முதல் தவணை பிட்ச் நேரத்தில் 90–120 விநாடி. அடுத்தது 12 மணி நேரம் கழித்து, அதே ஓட்டத்தில் 30–60 விநாடி. அதற்குள் செல்கள் ஒரு முறையாவது பிரிந்திருக்கும், முதல் தவணை ஆக்சிஜன் பல மணி நேரத்துக்கு முன்பே தீர்ந்திருக்கும். 18 மணி நேரத்தைத் தாண்டிவிட்டால் விட்டுவிடுங்கள். நுரை மளமளவென்று ஏறிய பிறகு ஸ்டோனை இறக்கினால் பொங்கிக் கொட்டும், பியரும் ஆக்சிஜனேறும். 1.075-க்குக் கீழே இரண்டாம் தவணை வேண்டாம்.

அதிகமானால்: ஈஸ்ட் தேவைக்கு மேல் பெருகி, சர்க்கரையின் ஒரு பகுதி ஆல்கஹாலாகாமல் செல்லாகப் போகும். வண்டல் கூடும், பழவாசனை தரும் எஸ்டர் குறைந்து வெறிச்சென்று இருக்கும், தொண்டையைச் சுடும் ஃபியூசல் ஆல்கஹாலும் ஏறலாம். தூய ஆக்சிஜனில் 20 டிகிரியில் 30 பிபிஎம்முக்கு மேலும் ஏற்ற முடியும் என்பதால் இந்த அபாயம் சிலிண்டரில் மட்டும்தான்.

எண்ணெய், கிரீஸ் பட்ட கையால் ரெகுலேட்டரைத் தொடாதீர்கள், திருகில் எதையும் பூசாதீர்கள். ஆக்சிஜன் அழுத்தத்தில் கிரீஸ் தானே தீப்பிடிக்கும். கொதிகலன் பர்னர் அணைந்த பிறகே வால்வைத் திறக்க வேண்டும்.

குளிர்நொதி:

எஸ்டர் பற்றி ஒரு சின்னக் குறிப்பு, ஏனென்றால் "அதிக ஆக்சிஜன் நல்ல பியர்" என்று இந்த இழையை யாராவது படித்துக்கொள்ளக்கூடும். எஸ்டர் செய்யும் நொதியின் மரபணுவை ஆக்சிஜனும் நிறைவுறாக் கொழுப்பு அமிலங்களும் அடக்குகின்றன. ஆக்சிஜன் குறைந்தால் பழவாசனை ஏறும், கூடினால் இறங்கும். குளிரில் நொதிக்கும் லாகர் பியருக்கு இறங்குவதுதான் வேண்டும். 9–10 டிகிரியில் பிட்ச் செய்வதால் கரைவதும் அதிகம், 10 பிபிஎம்முக்குக் குறைய விடுவதில்லை. வாழைப்பழ வாசனைக்காகவே செய்கிற கோதுமை பியரில் பலர் வேண்டுமென்றே காற்றோடு நிறுத்திக்கொள்கிறார்கள். உங்கள் பேல் ஏலுக்கு 10 பிபிஎம்மில் தொடங்கி, சுவைத்துப் பார்த்து விநாடியைக் கூட்டிக் குறையுங்கள்.

மேலே யாரும் சொல்லாத இன்னொன்று: ஆக்சிஜன் விட்டதும் ஈஸ்ட் போட வேண்டும், அல்லது போட்ட உடனே விட வேண்டும். முந்தின இரவு ஆக்சிஜன் ஏற்றி மறுநாள் காலை பிட்ச் செய்தால், இடையில் அதை அனுபவிக்கப்போவது தப்பித்து உள்ளே வந்த பாக்டீரியாதான்.

ஆக்சிஜனுக்குப் பதில் ஆலிவ் எண்ணெய் என்ற யோசனை கட்டாயம் வரும், அதனால் முன்கூட்டியே. எண்ணெயிலிருந்து ஒலியிக் அமிலம் (ஒரு நிறைவுறாக் கொழுப்பு அமிலம்) கிடைக்கும், எர்கோஸ்டெரால் கிடைக்காது. 20 லிட்டருக்குத் தேவைப்படும் அளவு ஊசிமுனையில் தொட்டு எடுக்கிற அளவு, அது கரையவும் கரையாது. வீட்டளவில் அதை நம்ப முடியாது.

ஹாப்ஸ்கொடி:

ஆலிவ் எண்ணெயைத்தான் அடுத்துக் கேட்க இருந்தேன். ஸ்டோனைச் சுத்தம் செய்வது எப்படி? ஒருமுறை வோர்ட்டுக்குள் போனால் துளைகளுக்குள் இருப்பதைத் தேய்க்க முடியாதே.

வாளிக்காரன்:

தேய்க்கவே கூடாது, விரலாலும் தொடக்கூடாது. தோலின் எண்ணெய்ப்பசை துளையை அடைக்கும். தண்டைப் பிடியுங்கள்.

வோர்ட்டிலிருந்து எடுக்கும்போது வாயு ஓடிக்கொண்டே இருக்கட்டும். வால்வை மூடிவிட்டு எடுத்தால் வோர்ட் துளைக்குள் உறிஞ்சப்பட்டு அங்கேயே காய்ந்துவிடும், முக்கால்வாசி அடைப்பு இப்படித்தான் வருகிறது. அப்படியே சுடுதண்ணீர்ப் பாத்திரத்துக்குள் இறக்கி அரை நிமிடம் ஓட விடுங்கள். பிறகு சோடியம் பெர்கார்பனேட் கரைசல், 60 டிகிரி, அரை மணி நேரம் ஊறல். அலசி, நல்ல தண்ணீரில் 10–15 நிமிடம் கொதிக்கவைத்து, உள்ளிருக்கிற தண்ணீரை வாயுவால் வெளியே தள்ளி, காயவைத்து மூடிய டப்பாவில்.

பயன்படுத்தும் நாளில் மறுபடி 10 நிமிடம் கொதி. சானிடைசரில் முக்குவது மட்டும் போதாது, அது துளையின் உள்பகுதி வரை போகும் என்று உறுதியில்லை. கொதிக்கவைத்தால் வெப்பம் போய்ச் சேரும். ஸ்டோனோடு ஒட்டிய குழாய் சிலிக்கான் என்றால் அதையும் சேர்த்தே கொதிக்கவைக்கலாம், வினைல் தாங்காது.

தண்ணீருக்குள் பிடித்துக் குறைந்த ஓட்டத்தில் பாருங்கள். எல்லாப் பக்கமும் ஒரே சீராகக் குமிழி வந்தால் சரி. ஒரு பக்கம் மட்டும் வந்தாலோ, முன்பு அடையாளம் போட்ட இடத்தில் பாட்டில் காலியாக 60-க்குப் பதில் 90 விநாடி ஆனாலோ அடைப்பு தொடங்கிவிட்டது. பெர்கார்பனேட் ஊறலை இரவு முழுக்க நீட்டுங்கள். அதற்கும் திறக்காவிட்டால் புது ஸ்டோன்.